எந்தக் காரைச் சோதிப்பது? மோட்டார் பந்தயத்தில் தேர்வு அதிகாரத்தின் வரலாறு

2023 அக்டோபர் 22 அன்று அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தை 17 கார்கள் ஓடி முடித்தன. அவற்றுள் நான்கின் அடிப்பலகையை மட்டும் தொழில்நுட்ப அதிகாரிகள் அளந்தார்கள். முதலாவதாக வந்த மாக்ஸ் வெர்ஸ்டாப்பன், இரண்டாவதாக வந்த லூயிஸ் ஹாமில்டன், மூன்றாவதாக வந்த லாண்டோ நோரிஸ், ஆறாவதாக வந்த சார்ல் லெக்லேர் ஆகியோர் ஓட்டிய கார்கள் அவை. ஹாமில்டன், லெக்லேர் இருவரின் பலகைகளும் விதி அனுமதிக்கும் அளவைத் தாண்டித் தேய்ந்திருந்தன. இருவரும் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். அளந்த நான்கில் இரண்டு தவறின என்றால் அளக்காத பதின்மூன்றின் நிலை என்ன என்ற கேள்வி உடனே எழுந்தது. கார்கள் முன்கூட்டிய திட்டமின்றித் தேர்ந்தெடுக்கப்படுகின்றன என்றும், எல்லாக் கார்களையும் எல்லா அம்சங்களிலும் சோதிக்க நேரமும் ஆளும் போதாது என்றும் சர்வதேச மோட்டார் வாகனக் கூட்டமைப்பான எஃப்ஐஏ விளக்கியது. நேரமும் ஆளும் போதாது என்பது உண்மை. அதை மறுப்பது நியாயமாகாது. ஆனால் அதனால் மீதிக் கேள்வி தீர்ந்துவிடவில்லை. அந்த நான்கைத் தேர்ந்தது யார், எந்த விதியின்படி, இரண்டு தவறியபின் ஏன் அதோடு நிறுத்தினார்கள் என்பவை எஞ்சி நிற்கின்றன.

மோட்டார் பந்தயத்தின் விதிமீறல் வரலாறு பெரும்பாலும் தந்திரங்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. ரகசிய எரிபொருள் தொட்டி, மறைந்த மென்பொருள், நீர் நிரப்பிய பொய்யெடை என்று அந்தக் கதைகள் சுவையானவை. அவற்றுக்கு அடியில் இன்னொரு வரலாறு ஓடுகிறது: எந்தக் காரைப் பிரித்துப் பார்ப்பது என்று முடிவுசெய்யும் அதிகாரம் யார் கையில் இருந்தது என்பது. முதலில் அது போட்டியாளர் கையில் இருந்தது. பிறகு முடிவுப் பட்டியலின் வரிசை அதைத் தீர்மானித்தது. இப்போது பெரும்பாலும் அதிகாரியின் விருப்பத்திலும் குலுக்கலிலும் இருக்கிறது. இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் முந்தைய முறையின் உண்மையான குறை ஒன்றைத் தீர்த்தன. அதே வேளையில், தேர்வின் தடயம் ஒவ்வொரு கட்டத்திலும் மங்கிக்கொண்டே வந்திருக்கிறது. ஆட்சேபம் எழுப்பியவர் கையொப்பமிட்டார். முடிவுப் பட்டியல் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. குலுக்கல் எப்போது நடந்தது, நடந்ததா என்பதை மட்டும் வெளியிலிருப்பவர் அறிய வழியில்லை. சிலவற்றை மட்டும் சோதிப்பது குறையல்ல. அந்தச் சிலவற்றின் தேர்வு சரிபார்க்க முடியாததாக இருப்பதே குறை என்பது இக்கட்டுரையின் வாதம்.

போட்டியாளரின் கண்ணை நம்பிய முறையில் ஒரு நுட்பமான அறிவு இருந்தது. எதிரணியின் கார் வளைவில் எப்படிப் பாய்கிறது, நேர்கோட்டில் எந்த இடத்தில் வேகம் கூடுகிறது என்பதை அதே பாதையில் ஓடுகிறவர்களைப்போல் அறிந்தவர் வேறு எவருமில்லை. எனவே குற்றம் சாட்டுகிறவர் எழுத்தில் தர வேண்டும், வைப்புத்தொகை கட்ட வேண்டும், எஞ்சினைப் பிரிக்க வேண்டிவந்தால் அதன் செலவுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்ற ஏற்பாடு சர்வதேசப் பந்தயச் சட்டத்தொகுப்பில் இடம்பெற்று இன்றும் நீடிக்கிறது. வெறும் பொறாமையால் எழும் புகாரை இந்தச் செலவு வடிகட்டும் என்பது எதிர்பார்ப்பு. 1982 மார்ச்சில் ரியோ டி ஜெனிரோவில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில் நெல்சன் பிக்கே வென்றார், கேகே ராஸ்பெர்க் இரண்டாவதாக வந்தார். பிரேக்கைக் குளிர்விக்க என்று சொல்லி அவர்களுடைய கார்கள் சுமந்துசென்ற நீர் ஓட்டத்தின் தொடக்கத்திலேயே வெளியேறிவிடும். ஓடும்போது கார் குறைந்தபட்ச எடையான 580 கிலோவுக்குக் கீழே இருக்கும். பந்தயம் முடிந்து எடை பார்ப்பதற்குள் நீர்மங்களை மீண்டும் நிரப்பிக்கொள்ளலாம் என்று வழக்கம் அனுமதித்தது. ரெனோவும் ஃபெராரியும் ஆட்சேபம் எழுப்பின. பிக்கே, ராஸ்பெர்க் இருவரும் நீக்கப்பட்டு ஆலன் ப்ரோஸ்ட் வெற்றியாளரானார். ஆனால் இதே உத்தியை வேறு அணிகளும் அப்போது கையாண்டன. முதலிரு இடத்தவர்மீது மட்டும் புகார் வந்தது, முதலிரு இடத்தவர் மட்டும் தண்டனை பெற்றார்கள். அந்தக் கசப்பில் பிரிட்டிஷ் அணிகளுள் பெரும்பாலானவை அடுத்து வந்த இமோலா பந்தயத்தைப் புறக்கணித்தன. அங்கே 14 கார்களே களமிறங்கின. போட்டியாளரைத் தேர்வாளராக்கும் முறையின் பலவீனம் இதில் முழுதாகத் தெரிகிறது. தன் முன்னேற்றத்துக்கு எந்தத் தவறு தடையாக நிற்கிறதோ அந்தத் தவறைத்தான் போட்டியாளர் சுட்டுவார். தனக்குப் பின்னால் வருகிறவரின் தவறால் அவருக்கு நட்டமில்லை.

இதன் மறுபக்கம், ஏற்பாட்டாளரே விரும்பியவரைத் தேர்வது. 1966 மான்டே கார்லோ ராலி அதற்குப் பேர்போன சான்று. முதல் மூன்று இடங்களில் வந்த மினி கூப்பர் கார்களை அதிகாரிகள் மணிக்கணக்கில் பிரித்துப் பார்த்தார்கள். எஞ்சினில் குறை எதுவும் அகப்படவில்லை. இறுதியில் முகப்பு விளக்கின் பல்பில் ஒற்றை இழை மட்டுமே இருந்தது, ஒளியைத் தாழ்த்தும் முறை விதிக்கு ஒத்துவரவில்லை என்ற காரணத்தைக் காட்டி, நான்காவதாக வந்த ஃபோர்டு காரையும் சேர்த்து முதல் நால்வரையும் நீக்கினார்கள். வெற்றி சித்ரோவன் காரை ஓட்டிய பௌலி டோய்வோனனுக்குப் போனது. விளக்கு விதி உண்மையிலேயே இருந்தது. அது மீறப்பட்டதா என்பது தொழில்நுட்பக் கேள்வி. ஆனால் அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்தப் பந்தயம் பிரெஞ்சு அதிகாரிகள் பிரெஞ்சுக் காருக்காக நடத்திய தீர்ப்பாகவே நினைவில் நிற்கக் காரணம், குறை கிடைக்கும்வரை தேடினார்கள் என்ற எண்ணம் பரவியதுதான். எதைத் தேடப் போகிறோம் என்பதை முன்பே சொல்லாமல் ஒரு காரை எடுத்து அமர்ந்தால், கிடைக்கும் குறை நியாயமானதாக இருந்தாலும் தேடலின் நியாயம் போய்விடுகிறது.

அமெரிக்காவின் நாஸ்கார் அமைப்பு இந்தச் சிக்கலுக்கு வேறொரு விடையுடன் பிறந்தது. 1949 ஜூன் 19 அன்று ஷார்லட் நகரில் நடந்த அதன் முதன்மைத் தொடரின் முதல் பந்தயத்திலேயே, முதலில் வந்த க்ளென் டனவேயின் ஃபோர்டு காரில் பின்புற ஸ்பிரிங்குகள் மாற்றப்பட்டிருப்பதைத் தலைமைப் பரிசோதகர் அல் கிரிஸ்லர் கண்டுபிடித்தார். கள்ளச்சாராயம் கடத்தும் கார்களில் அன்று வழக்கமாக இருந்த மாற்றம் அது. வெற்றி கான்சஸிலிருந்து வந்திருந்த ஜிம் ரோப்பருக்குப் போனது. அவருடைய லிங்கன் காரின் எஞ்சினையும் சோதனைக்காகக் கழற்றினார்கள். டனவே ஓட்டிய காரின் உரிமையாளர் ஹியூபர்ட் வெஸ்ட்மோர்லாந்து நீதிமன்றம் சென்றார். வழக்கு தள்ளுபடியானது, பந்தய அமைப்பு தன் விதியைத் தானே நடைமுறைப்படுத்தலாம் என்பது உறுதியாயிற்று. இங்கே கவனிக்க வேண்டியது தேர்வின் எளிமை. யார் முன்னால் வந்தாரோ அவர் கார் பிரிக்கப்படும். யாரும் யாரையும் சுட்டிக்காட்டத் தேவையில்லை, அதிகாரியின் மனச்சாய்வுக்கும் இடமில்லை. பரிசு பெறுகிறவரே சோதனையும் பெறுகிறார் என்பதில் ஒரு நேர்மை இருக்கிறது. பல வகைப் பந்தயங்களிலும் இந்த வழக்கம் வேரூன்றியதற்கு அதுவே காரணம்.

முடிவு வரிசைப்படி தேர்வது எவ்வளவு தூரம் இயல்பாகிப்போனது என்பதை 1994 காட்டுகிறது. அந்த ஆண்டு ஃபார்முலா ஒன்னில் ஓட்டுநருக்கு உதவும் மின்னணு அமைப்புகள் தடைசெய்யப்பட்டன. எல்லாக் கார்களின் மென்பொருளையும் பார்ப்பது இயலாத காரியம். எனவே ஏர்ட்டன் சென்னா இறந்த இமோலா பந்தயத்தில் முதல் மூன்றிடம் பெற்ற பெனட்டன், ஃபெராரி, மெக்லாரன் அணிகளிடம் மட்டும் மூல நிரலை எஃப்ஐஏ கேட்டது. ஃபெராரி கொடுத்தது; மற்ற இரண்டும் முதலில் மறுத்து, ஒவ்வொன்றும் 1,00,000 டாலர் அபராதம் கட்டின. பெனட்டனின் நிரலில், திரையில் தோன்றாத 13-ஆவது தெரிவாக ஒரு புறப்பாட்டுக் கட்டுப்பாட்டு வசதி ஒளிந்திருந்தது தெரியவந்தது. இமோலாவில் அது பயன்படுத்தப்பட்டது என்பதற்குச் சான்று இல்லை என்று எஃப்ஐஏ விட்டுவிட்டது. இந்த நிகழ்ச்சியைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அந்த மறைந்த தெரிவில் நின்றுவிட்டார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, நான்காவதாக வந்த காரின் நிரலை யாரும் கேட்கவில்லை என்பது. முதல் மூவர் என்பது பரிசு மேடையின் எல்லை. தடைசெய்யப்பட்ட மென்பொருள் அந்த எல்லைக்கு வெளியே இருக்காது என்று நம்ப ஒரு காரணமும் கிடையாது.

வரிசைமுறையின் குறை இதுதான்: சோதிக்கப்படப் போகிறவர் யார் என்பதைப் பந்தயம் முடியும் முன்பே அணிகள் அறிந்துவிடுகின்றன. ஐந்தாமிடத்தை இலக்காக வைக்கும் அணிக்கு அச்சமில்லை. மேலிடத்தை இலக்காக வைக்கும் அணிக்கோ எந்தக் கருவி எந்த நேரத்தில் வரும் என்பது தெரியும். அந்தச் சோதனையில் தேறும்படி காரை அமைப்பதே அதன் பொறியியலாகிவிடுகிறது. 1981-இல் காரின் அடிப்பகுதி தரையிலிருந்து 6 செ.மீ உயரத்தில் இருக்க வேண்டும் என்ற விதி வந்தபோது அந்த உயரத்தைக் கார் நிற்கும்போதுதான் அளந்தார்கள். ப்ராபம் அணியின் கார்டன் மர்ரே, ஓடும்போது தாழ்ந்து நிற்கும்போது உயரும் சஸ்பென்ஷனை அமைத்தார். 2005 ஏப்ரலில் இமோலாவில் மூன்றாவதாக வந்த ஜென்சன் பட்டனின் பிஏஆர் கார் எடை மேடையில் தேறியது. எரிபொருளை முழுவதும் வடித்தபின் அது குறைந்தபட்சமான 600 கிலோவுக்குக் கீழே போனது. தொட்டிக்குள் இன்னொரு தொட்டி இருந்தது. அன்றைய நடுவர் குழு அணியின் விளக்கத்தை ஏற்றுக்கொண்டது; எஃப்ஐஏ மேல்முறையீடு செய்து, அணிக்கு இரண்டு பந்தயத் தடையை வாங்கிக்கொடுத்தது. வழக்கமான எடைபார்ப்பு அந்தத் தந்திரத்தைத் தொட்டிருக்காது. வழக்கத்தை மீறி ஓர் அடி மேலே போனதுதான் கண்டுபிடிப்புக்கு வழிவிட்டது.

இதே உண்மையை ராலிப் பந்தயமும் சொல்கிறது. 1995-இல் கேட்டலோனியாவில் டொயோட்டா செலிகா கார்களின் டர்போவைப் பிரித்தபோது, காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் வளையத்தைச் சுற்றிக் கூடுதல் காற்று நுழைய வழிசெய்யப்பட்டிருப்பது தெரிந்தது. பொருத்தும்போது திறந்து, கழற்றும்போது தானாக மூடிக்கொள்ளும் அமைப்பு அது. அணி 12 மாதங்கள் தடைசெய்யப்பட்டது. வெளியிலிருந்து எத்தனை கார்களைப் பார்த்தாலும் இது கிடைத்திருக்காது. ஆகவே சோதனையில் இரண்டு அளவைகள் உண்டு: எத்தனை கார்கள் என்பது ஒன்று, ஒரு காருக்குள் எவ்வளவு ஆழம் என்பது மற்றொன்று. ஆட்களும் நேரமும் வரம்புக்குட்பட்டவை என்றால் ஒன்றைக் கூட்டும்போது மற்றது குறைந்தே தீரும். குலுக்கலின் தேவை இங்கிருந்துதான் பிறக்கிறது.

இந்தத் தேவைக்குக் கணித அடிப்படை பந்தயத்துக்கு வெளியே, அணு ஆயுதக் கட்டுப்பாடு பற்றிய விவாதத்தில் உருவானது. 1962-இல் ராண்ட் நிறுவனத்தின் மெல்வின் டிரெஷர், சில தடவைகளே சோதிக்க முடிகிற கண்காணிப்பாளருக்கும் எப்போதாவது விதியை மீற நினைப்பவருக்கும் இடையிலான ஆட்டத்தைக் கணிதமாக்கினார். சோதனை எப்போது வரும் என்பதை மீறுகிறவர் ஊகிக்க முடியாதபடி நிகழ்தகவின்படி பரப்புவதே கண்காணிப்பாளருக்குச் சிறந்த வழி என்பது அதன் சாரம். 1966-இல் மைக்கேல் மாஷ்லர் இதை இன்னும் ஓர் அடி எடுத்துச் சென்றார். கண்காணிப்பாளர் எந்த நிகழ்தகவில் சோதிக்கப் போகிறார் என்பதை முன்கூட்டியே அறிவித்து, அதற்குக் கட்டுப்பட்டு நின்றால் அவருக்கு நன்மையே விளையும். எந்தக் கார் என்பது மறைவாக இருக்கலாம். எந்த முறை என்பது மறைவாக இருக்கத் தேவையில்லை. பந்தய அமைப்புகள் டிரெஷரின் பாடத்தை ஏற்றுக்கொண்டன, மாஷ்லரின் பாடத்தை ஏற்கவில்லை என்று சொல்வேன்.

குலுக்கல் நேர்மையாக நடக்கும் இடங்களும் உண்டு. தகுதிச்சுற்றின்போது பிட் பாதையில் எடை மேடைக்கு அழைப்பது அவற்றுள் ஒன்று. கார் வரும்போது சிவப்பு விளக்கு எரிந்தால் ஓட்டுநர் நின்று எடை காட்ட வேண்டும்; அவருடைய பெயரோ புகழோ அதில் நுழைவதில்லை. 2018-இல் பிரேசிலின் இன்டர்லாகோஸில், மழை வருமோ என்ற பதற்றத்தில் இருந்த செபாஸ்டியன் வெட்டல் இப்படி அழைக்கப்பட்டார். எஞ்சினை அணைக்காமல் மேடையிலிருந்து ஓட்டிக்கொண்டு போனதில் கருவி பழுதானது. 25,000 யூரோ அபராதமும் கண்டனமும் கிடைத்தன. அவர் கோபப்பட்டதைப் புரிந்துகொள்ளலாம், ஆனால் என்னை மட்டும் ஏன் என்று அவர் கேட்க முடியாது. நாஸ்கார் 2019-இல் இரு முறைகளையும் இணைத்தது. வென்ற கார், இரண்டாவது கார், இவற்றோடு குலுக்கலில் எடுக்கும் குறைந்தது ஒரு கார் ஆகியவை பந்தயத் திடலிலேயே பிரித்துச் சோதிக்கப்படும். பெரிய தவறு தெரிந்தால் வெற்றி பறிக்கப்படும். அதற்கு முன்பு காரை ஆய்வு மையத்துக்குக் கொண்டுபோய், சில நாட்கள் கழித்து அபராதமும் புள்ளிக் குறைப்பும் அறிவிப்பார்கள். வெற்றி அப்படியே இருக்கும். 1983-இல் ரிச்சர்ட் பெட்டி விதியை மீறிய பெரிய எஞ்சினுடன் ஷார்லட்டில் வென்றபோது 35,000 டாலர் அபராதமும் 104 புள்ளிகள் இழப்பும் ஏற்பட்டன, வெற்றி போகவில்லை. புதிய விதியின் கீழ் 2022 ஜூலையில் போகோனோவில் முதலிரு இடங்களில் வந்த டென்னி ஹாம்லின், கைல் புஷ் இருவரும் காரின் முகப்பில் ஒட்டியிருந்த அனுமதியற்ற பட்டைக்காக நீக்கப்பட்டு சேஸ் எலியட் வெற்றியாளரானார். நாஸ்காரின் முதன்மைத் தொடரில் அதற்கு முன் வெற்றி பறிக்கப்பட்டது 1960-இல். யார் சோதிக்கப்படுவார், என்ன நேரும் என்று முன்பே சொல்லியிருந்ததால், 62 ஆண்டு வழக்கத்தை உடைத்த அந்தத் தீர்ப்பு நிலைத்தது.

ஃபார்முலா ஒன்னிலும் அண்மை ஆண்டுகளில் முதல் பத்து இடத்தவருள் ஒருவரின் காரைக் குலுக்கலில் எடுத்து விரிவாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. வழக்கமான சோதனைகளில் எந்தக் காரில் எது பார்க்கப்பட்டது என்பதைத் தொழில்நுட்பப் பிரதிநிதி ஒவ்வொரு பந்தயத்துக்குப் பின்னும் எழுத்தில் வெளியிடுகிறார். இது போற்றத்தக்க வழக்கம். ஆஸ்டின் பற்றிய விவாதமே இந்த ஆவணத்தால்தான் சாத்தியமாயிற்று. அந்த ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சிறு கணக்குப் போடலாம். ஓடி முடித்த 17 கார்களிலிருந்து நான்கைத் தேர 2,380 வழிகள் உண்டு. நான்குமே முதல் ஆறு இடங்களுக்குள் அமையும் வழிகள் 15 மட்டும். கண்ணை மூடி எடுத்திருந்தால் அப்படி அமையும் வாய்ப்பு 159-இல் ஒன்று. எனவே ஆஸ்டின் தேர்வு முன்வரிசையை நோக்கிச் சாய்ந்த தேர்வு. அதை வெறும் குலுக்கல் என்று அழைப்பது பொருந்தாது. அடுத்த கணக்கு இன்னும் கனமானது. 17-இல் இரண்டே கார்கள்தான் விதியை மீறியிருந்தன, தேர்வும் உண்மையான குலுக்கல்தான் என்று வைத்துக்கொண்டால் அந்த இரண்டும் நான்குக்குள் சிக்கும் வாய்ப்பு 100-இல் 4 அளவே. ஐந்து கார்கள் மீறியிருந்தால் குறைந்தது இரண்டு சிக்கும் வாய்ப்பு 33 விழுக்காட்டுக்கு உயர்கிறது. ஆக இரண்டில் ஒன்று உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்: அதிகாரிகள் ஏதோ அறிகுறியை வைத்துச் சரியாக ஊகித்துத் தேர்ந்திருக்கிறார்கள், அல்லது அளக்காத கார்களிலும் சில விதிக்குப் புறம்பாக இருந்திருக்கின்றன. முதலாவது உண்மையென்றால் அதைக் குலுக்கல் என்று சொன்னது தவறு. இரண்டாவது உண்மையென்றால் மீதியை அளக்காமல் விட்டது தவறு.

அந்தப் பலகை எதற்காக இருக்கிறது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். 1994 இமோலாவில் ரோலண்ட் ராட்சன்பெர்கரும் சென்னாவும் அடுத்தடுத்த நாட்களில் இறந்தபின், கார்களைத் தரையிலிருந்து உயர்த்தி வேகத்தைக் குறைக்க அந்த ஆண்டு ஜெர்மன் பந்தயத்திலிருந்து 10 மி.மீ தடிமனுள்ள பலகை கட்டாயமாக்கப்பட்டது. அது 9 மி.மீ வரை தேயலாம். தாழ்வாக ஓடும் கார் அதிகக் கீழழுத்தம் பெற்று வளைவில் வேகமாகத் திரும்பும். அதிகத் தேய்மானம் என்பது அந்தத் தாழ்வின் சுவடு. அறிமுகமான சில வாரங்களிலேயே பெல்ஜியத்தில் வென்ற மைக்கேல் ஷூமாக்கர் இதே காரணத்துக்காக வெற்றியை டேமன் ஹில்லிடம் இழந்தார். ஓரத்துத் திண்டில் ஏறிச் சுழன்றதால் தேய்ந்தது என்ற அவருடைய பெனட்டன் அணியின் வாதம் ஏற்கப்படவில்லை. நோக்கம் கேட்கப்படுவதில்லை, அளவு மட்டுமே பேசும். ஆஸ்டினிலும் யாரும் ஏமாற்ற நினைத்ததாகக் குற்றச்சாட்டு இல்லை. அது கூடுதலாக ஒரு குறும்பந்தயமும் நடக்கும் ஸ்பிரின்ட் வார இறுதி. ஒரே ஒரு பயிற்சிச் சுற்றுக்குப் பின் காரின் உயரத்தை மாற்ற அனுமதியில்லை, பாதையோ மேடுபள்ளமானது. அதே நெருக்கடி எல்லா அணிகளுக்கும் பொது. அப்படியானால் அதே தவறும் பலரிடம் இருக்கக்கூடும் என்று எதிர்பார்ப்பதே அறிவு.

மீதிக் கார்களையும் அளந்திருக்க வேண்டும் என்பதற்கு எழும் முதல் ஆட்சேபம் நேரத்தைப் பற்றியது. எல்லாக் கார்களின் ஆயிரக்கணக்கான அம்சங்களைச் சில மணிநேரத்தில் பார்க்க முடியாது. கார்கள் அடுத்த நாட்டுக்கு விமானம் ஏற வேண்டும். இதை முழுதாக ஏற்கிறேன். எல்லாவற்றையும் எல்லாக் காரிலும் சோதி என்பது கோரிக்கையல்ல. ஓர் அம்சத்தில் ஒரு கார் தவறினால், அந்த ஓர் அம்சத்தை மட்டும் மற்றக் கார்களில் அளக்க வேண்டும். தவறு தெரியாத பந்தயங்களில் இதனால் ஒரு நிமிடம்கூடக் கூடாது. ஒரே அணியின் இரண்டு கார்களின் அமைப்பும் வேறுபடலாம், எனவே ஒன்றின் குற்றத்தை மற்றதன்மேல் சுமத்த முடியாது என்ற பதிலும் சொல்லப்படுகிறது. குற்றத்தைச் சுமத்த முடியாது என்பது சரி. அளக்கக் கூடாது என்பதற்கு அது காரணமாகாது. லெக்லேர் நீக்கப்பட்டார், அளக்கப்படாத அவருடைய அணித் தோழர் கார்லோஸ் சைன்ஸ் மூன்றாமிடத்துக்கு உயர்ந்தார். சைன்ஸின் பலகை சரியாகவே இருந்திருக்கலாம். அவருக்கும் அதை நிரூபிக்கும் வாய்ப்பு தரப்படவில்லை. 2025 நவம்பரில் லாஸ் வேகஸில் மெக்லாரனின் இரு கார்களும் அளக்கப்பட்டன. இரண்டிலும் பலகை 9 மி.மீ-க்குக் கீழே இருந்தது. இரண்டாவதாக வந்த நோரிஸும் நான்காவதாக வந்த ஆஸ்கர் பியாஸ்ட்ரியும் நீக்கப்பட்டார்கள். ஒரே அணியின் அமைப்புத் தேர்வு இரு கார்களிலும் ஒரே விளைவைத் தரக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது ஆட்சேபம் அனுபவமுள்ள அதிகாரியின் உள்ளுணர்வைப் பற்றியது. குலுக்கலை மட்டும் நம்பினால், கண்ணெதிரே சந்தேகத்துக்குரிய கார் நிற்கும்போதும் சீட்டில் வந்த காரையே பார்த்துக்கொண்டிருக்க நேரும் என்கிறார்கள். இது வலுவான ஆட்சேபம். இதற்குச் சான்றும் இருக்கிறது. 2024 பெல்ஜியத்தில் வென்ற ஜார்ஜ் ரஸ்ஸலின் கார் முதலில் சரியாக 798 கிலோ காட்டியது, அதுவே குறைந்தபட்ச எல்லை. எரிபொருளை வடித்தபின் 796.5 கிலோ ஆனது. வெற்றி ஹாமில்டனுக்குப் போனது. எல்லையைத் தொட்டு நிற்கும் அளவைக் கண்டவுடன் அடுத்த சோதனைக்குப் போவது எந்த நல்ல பரிசோதகரும் செய்கிற காரியம். சந்தேகத்தின்பேரில் தேர்வதை ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதைச் சந்தேகத்தேர்வு என்றே ஆவணத்தில் எழுத வேண்டும், குலுக்கலின் போர்வையில் வைக்கக் கூடாது என்கிறேன். இரண்டும் கலந்துவிட்டால், குலுக்கலில் வந்தவர் தன்னைக் குறிவைத்தார்கள் என்று நினைப்பார். உண்மையிலேயே குறிவைக்கப்பட்டவர் அதை ஒருபோதும் அறியமாட்டார்.

மூன்றாவதாக, இந்த விவாதமே பழசாகிவிட்டது, இனி சென்சார்கள் எல்லாக் காரையும் எந்நேரமும் கண்காணிக்கும் என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் 2014 மெல்பர்ன் நிற்கிறது: எரிபொருள் ஓட்டம் மணிக்கு 100 கிலோ என்ற எல்லையைத் தாண்டியதால் இரண்டாவதாக வந்த டேனியல் ரிக்கார்டோ நீக்கப்பட்டார், யாரும் காரைப் பிரிக்கத் தேவைப்படவில்லை. ஆனால் அதே எரிபொருள் ஓட்டம் குறித்து 2019-இல் ஃபெராரியின் எஞ்சின்மேல் எழுந்த சந்தேகம் எப்படி முடிந்தது? ரெட்புல் அணி எழுத்தில் கேட்ட விளக்கத்திலிருந்து விவகாரம் சூடுபிடித்தது. அதாவது மீண்டும் போட்டியாளரின் கண். 2020 பிப்ரவரி 28-இல் எஃப்ஐஏ விவரம் வெளியிடாத உடன்பாடு ஒன்றை அறிவித்தது, ஏழு அணிகள் பகிரங்கமாக எதிர்த்தன. அமெரிக்காவின் இண்டிகார் தொடரில் 2024 மார்ச்சில் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் வென்ற ஜோசப் நியூகார்டனின் காரில், கூடுதல் விசை தரும் பொத்தான் தடைசெய்யப்பட்ட நேரத்திலும் வேலைசெய்தது. அது தெரியவந்தது ஏறத்தாழ ஆறு வாரம் கழித்து, லாங் பீச்சில் ஒரு கோளாறால் மற்ற எல்லாக் கார்களிலும் அந்த வசதி செயலிழந்து பென்ஸ்கி அணியின் கார்களில் மட்டும் இயங்கியபோது. தரவு எல்லாம் பதிவாகியிருந்தது. அதைப் பார்க்க யாரும் தேர்ந்திருக்கவில்லை. அடுத்த ஆண்டு மே மாதம் இண்டியானாபோலிஸில் அதே அணியின் இரு கார்களில் பின்புற மோதல்தாங்கியின் விளிம்பு அனுமதியின்றி மாற்றப்பட்டிருப்பது தகுதிச்சுற்றின்போது தெரிந்தது. அதே மாற்றம் முந்தைய ஆண்டு வென்று அருங்காட்சியகத்தில் நிறுத்தப்பட்டிருந்த காரிலும் இருந்ததைப் புகைப்படங்கள் காட்டின. அந்த வெற்றிக் கார் எத்தனையோ சோதனைகளைக் கடந்துதான் அங்கே போய் நின்றது. சென்சார் தேர்வுப் பிரச்சினையைத் தீர்ப்பதில்லை. எந்தக் கார் என்ற கேள்வியை எந்தத் தரவு, எந்த உதிரிபாகம் என்ற கேள்வியாக மாற்றுகிறது.

கடைசி ஆட்சேபம்: முறையை வெளியிட்டால் ஏமாற்றுகிறவருக்கு உதவும். குலுக்கல் பந்தயம் முடிந்தபின், அணிகளின் பிரதிநிதிகள் முன்னிலையில் நடந்தால் முன்கூட்டி எதுவும் கசியாது. எந்த அம்சம், எத்தனை கார்கள், முன்வரிசைக்கு எவ்வளவு கூடுதல் வாய்ப்பு என்ற விகிதங்களை ஆண்டின் தொடக்கத்தில் அறிவிப்பதால் யாருக்கும் பாதுகாப்பான இடம் கிடைக்காது. மாஷ்லர் காட்டியதும் இதையே. பரிசு மேடை ஏறியவர்களுக்கு அதிக வாய்ப்பு வைப்பதில் தவறில்லை. பதினைந்தாமிடத்துக்கும் ஏதோ ஒரு வாய்ப்பு இருக்க வேண்டும், அது எவ்வளவு என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆஸ்டினில் பத்தாமிடத்துக்கு உயர்ந்து தன் முதல் புள்ளியைப் பெற்ற லோகன் சார்ஜன்ட்டின் கார் அந்த நால்வர் பட்டியலில் இல்லை. அவருடைய பலகையையும் சேர்த்து அன்று மிச்சமிருந்தவை பதின்மூன்று. தேவைப்பட்டது ஒரே அளவு, ஒரே கருவி. அந்தப் பதின்மூன்றும் அளக்கப்பட்டிருந்தால் மேலும் சிலர் நீக்கப்பட்டிருக்கலாம், ஒருவரும் நீக்கப்படாமலும் போயிருக்கலாம். இரண்டில் எது நடந்திருந்தாலும் ஹாமில்டனும் லெக்லேரும் இழந்த 26 புள்ளிகள் யாருக்குப் போயினவோ அவர்கள் அவற்றைக் கேள்விக்கு இடமின்றிப் பெற்றிருப்பார்கள்.